பயணத்தில் ஸ்பானிஷ் பேசிப் பழகுவது: காப்பிக் கடையில் தொடங்கித் தொலைபேசி வரை

செயலியிலோ வகுப்பிலோ கொஞ்சம் ஸ்பானிஷ் படித்துவிட்டு ஸ்பெயினுக்கோ மெக்சிகோவுக்கோ கொலம்பியாவுக்கோ கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலக்கணப் பாடம் இங்கே இல்லை. போன இடத்தில் யாரிடம், எந்த வரிசையில், என்ன பேசினால் நாக்கு பழகும் என்பது மட்டும்தான்.

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். மாட்ரிடில் ஒரு கஃபேயில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். மனப்பாடம் செய்துவைத்த "உன் கஃபே கோன் லேச்சே, போர் ஃபவோர்", அதாவது ஒரு பால் காப்பி கொடுங்கள், பிசிறில்லாமல் வரும். உடனே கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் "லா லேச்சே, கலியெந்தே ஓ தெம்ப்ளாதா?" என்பார், பால் சூடாகவா வெதுவெதுப்பாகவா என்று. அந்த இடத்தில் திகைத்துப்போய் "சி", ஆமாம், என்று தலையாட்டுவார்கள். அவர் மறுபடி கேட்பார், மறுபடியும் "சி", அப்புறம் அவரே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். இத்தனைக்கும் சொன்ன வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை, திரும்பி வரப்போகும் கேள்விக்குத் தயாராகவில்லை, அவ்வளவுதான். அதனால் கீழே ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் சொல்ல வேண்டியதைவிட உங்கள் காதில் விழப்போவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

1. கிளம்பும் முன்: எண்கள், உங்கள் பெயர், நான்கு வாக்கியங்கள்

முதலில் எண்கள். சொல்லத் தெரிந்தால் போதாது, வேகமாகச் சொன்னால் காதுக்குப் பிடிபட வேண்டும். கடை, பேருந்து, விடுதி எங்கே போனாலும் பதில் எண்ணில்தான் வரும். குழப்புகிற ஜோடிகளைத் தனியாக எடுத்துப் பழகுங்கள்: தோஸ் 2, தோசே 12, செசெந்தா 60, செதெந்தா 70. நூறுகளில் கினியெந்தோஸ் 500, செதேசியெந்தோஸ் 700, நோவேசியெந்தோஸ் 900 ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். கொலம்பியாவுக்குப் போகிறவர்கள் ஆயிரங்களில்தான் வாழ வேண்டியிருக்கும். அங்கே புழங்கும் நோட்டே 2,000 பெசோவில் தொடங்கி 1,00,000 வரை போகிறது. ஸ்பெயினில் நேர்மாறு. 2.50 யூரோவை "தோஸ் சிங்குவெந்தா" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள், நீங்கள் "யூரோ" என்ற சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பழகுவது. இதை யாரும் செய்வதில்லை, விடுதி வரவேற்பில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ஜே' என்கிற எழுத்து அங்கே "ஹோதா", 'எச்' என்பது "ஆச்சே", 'வி' ஸ்பெயினில் "ஊவே". லத்தீன் அமெரிக்காவில் அதையே "வே கோர்தா" அல்லது "வே சிகா" என்பார்கள். விஜயா என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி நீட்டினால் "பிஹாயா" என்றுதான் வாசிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் எழுத்துமுறைப்படி அது அப்படித்தான். மின்னஞ்சலுக்கு "அர்ரோபா", புள்ளிக்கு "புந்தோ", அடிக்கோட்டுக்கு "கியோன் பாஹோ". படிவங்களில் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கும். அங்கே பெரும்பாலானோருக்கு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு உண்டு. உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் "சோலோ தெங்கோ உன் அபெயீதோ" என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

மூன்றாவது, பேச்சு நின்றுபோகும்போது தூக்கி நிறுத்தும் நான்கு வாக்கியங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்:

மெதுவாகச் சொல்லுங்கள்: "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்."
இதற்கு என்ன பெயர்?: "கோமோ சே யாமா எஸ்தோ?"
மறுபடி சொல்ல முடியுமா?: "மே லோ ரெபீதே?"
ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன்: "எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ எஸ்பான்யோல்."

"நோ எந்தியெந்தோ", அதாவது புரியவில்லை, என்பதை வேண்டுமென்றே இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் பேச்சை முடித்துக்கொள்வார், இல்லையென்றால் ஆங்கிலத்தைத் தேடுவார். மேலே உள்ள நான்கும் அவரை ஸ்பானிஷிலேயே தொடர வைக்கும்.

2. ஒலி: ஆங்கில வழியாகப் போகாதீர்கள்

ஸ்பானிஷின் ஐந்து உயிரொலிகளும் நம் அ, எ, இ, ஒ, உ. நீட்டவும் வேண்டாம், ஆங்கிலம்போல வளைக்கவும் வேண்டாம். தக்காளியை "டொமாட்டோ" பழக்கத்தில் "டொமாட்டே" என்று சொல்கிறவர்கள் நிறைய. அது "தோமாதே", இரண்டு த-வும் தம்பியில் வருகிற த. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே d எழுத்து தருகிற மெல்லிய த அப்படியே நம் "அது"வில் இருப்பதுதான். "ஞ" நமக்கு ஏற்கெனவே உண்டு. இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு ஆங்கில ஒலியில் பேசுவது வீண் வேலை.

நமக்கு வராதது அசை அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய சமமாகச் சொல்லிக்கொண்டு போகிறோம், ஸ்பானிஷ் காதோ அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறது. விதி சுலபம். சொல் உயிரெழுத்திலோ 'என்', 'எஸ்' எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம், வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில், மேலே கோடு போட்டிருந்தால் கோடு இருக்கிற இடத்தில். "பாபா" என்று முன்னால் அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, பின்னால் அழுத்தினால் அப்பா.

தமிழ் எழுத்தில் நான் கொடுக்கும் உச்சரிப்பு வழித்துணைக்கு மட்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருமுறையாவது அந்த ஊர்க்காரர் குரலில் கேட்டுவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

3. எந்த நாடு என்பதை வைத்துச் சொற்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு நாட்டின் பேச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். செயலி ஒரு நாட்டுச் சொல்லைத் தரும், பாட்காஸ்ட் இன்னொன்றைத் தரும், இரண்டையும் கலந்தால் கேட்கும்போது எதுவும் பொருந்தாது.

நீ, நீங்கள் வேறுபாடு நமக்குப் பழக்கம், ஆனால் எல்லை வேறு இடத்தில் விழும். ஸ்பெயினில் கடைக்காரர்கூட முதல் வார்த்தையிலேயே "தூ" என்று ஒருமையில் பேசுவார், அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொலம்பியாவின் பொகோதாவிலோ கோஸ்தாரிகாவிலோ நெருங்கிய நண்பர்களுக்குள்ளேகூட "உஸ்தேத்", அதாவது நீங்கள், ஓடும். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் "தூ" இடத்தில் "வோஸ்". சந்தேகம் வந்தால் முதலில் உஸ்தேத் என்று தொடங்குங்கள், அவர் மாறினால் நீங்களும் மாறுங்கள்.

பேருந்து ஸ்பெயினில் "அவுதோபூஸ்", மெக்சிகோவில் "கமியோன்", கனேரித் தீவுகளிலும் கியூபாவிலும் "குவாகுவா", அர்ஜென்டினாவில் "கோலெக்தீவோ". ஏறுவதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகச் சொல்லும் "கோஹேர்" என்ற வினை மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ஆபாசச் சொல்; "தோமார்" என்று சொல்லிவிட்டால் எங்கேயும் வம்பில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், தொடக்கக்காரர்களுக்கு மெக்சிகோவின் உள்நாட்டு நகரங்கள், பொகோதா, ஈக்வடாரின் கீத்தோ, குவாதமாலாவின் அந்திகுவா ஆகியவற்றைச் சொல்வேன். மெய்யொலிகள் தெளிவாக விழும். அந்திகுவாவில் ஒருவருக்கு ஓர் ஆசிரியர் என்று கற்றுத்தரும் பள்ளிகளும், உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கும் ஏற்பாடும் உண்டு. கியூபா, தென் ஸ்பெயினின் ஆந்தலூசியா, சிலி ஆகிய இடங்களில் அசையின் இறுதியில் வரும் 'ஸ்' பெரும்பாலும் காற்றாகிவிடும், "மாஸ் ஓ மேனோஸ்" என்பது "மா ஓ மேனோ" என்றுதான் காதில் விழும். முதல் வாரத்திலேயே அங்கே போய் இறங்கினால் மனம் தளர்ந்துவிடும்.

4. வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள்

கடைக்குள் காலை வைத்ததும் "புவேனோஸ் தியாஸ்". ஸ்பெயினில் மதியச் சாப்பாடு முடியும்வரை, அதாவது 2 மணி வாக்கில்வரை அதுதான். பிறகு "புவேனாஸ் தார்தேஸ்". வெளியே வரும்போது "அஸ்தா லுவேகோ". இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பொருளைக் கேட்டால் முரடராகத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு: அந்த ஒரு சொல்லிலேயே நீங்கள் எந்த மொழியில் பேசப்போகிறீர்கள் என்பது முடிவாகிவிடுகிறது.

5. முதல் இடம்: ஒரே கஃபே, ஒரே நேரம்

தினம் ஒரு புதுக் கஃபே தேடுவது பயணிகளின் இயல்பு. மொழி பழக அது உதவாது. தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றைப் பிடித்து, காலை நெரிசல் அடங்கிய நேரமாகப் பார்த்து, தினமும் போங்கள். முதல் நாள் புரியாத கேள்வி மறுநாளும் அப்படியே வரும், அன்றைக்குப் பதில் உங்களிடம் இருக்கும். நாலைந்து நாளில் அவரே உங்களை அடையாளம் கண்டு ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பார். அதுதான் உண்மையான வகுப்பு.

காதில் விழப்போவது: "பாரா தோமார் அகீ ஓ பாரா யேவார்?" இங்கேயா, எடுத்துப் போகவா. "அல்கோ மாஸ்?" வேறு ஏதாவது. பதில் "நாதா மாஸ், கிராசியாஸ்". ஸ்பெயினில் பில்லைத் தாமாகக் கொண்டுவர மாட்டார்கள், "லா குவெந்தா, போர் ஃபவோர்" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கார்டு நீட்டினால் "கோன் தார்ஹேதா ஓ என் எஃபெக்தீவோ?" என்பது எங்கும் வரும், கார்டா ரொக்கமா என்று. கொலம்பியாவில் அதோடு "ஆ குவாந்தாஸ் குவோதாஸ்?" என்றும் கேட்பார்கள், எத்தனை தவணை என்று. "ஊனா" என்று சொல்லிவிடுங்கள்.

6. இரண்டாவது: சந்தை

கஃபேயில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். சந்தையில் எண், எடை, பொருளின் பெயர் மூன்றும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இது இரண்டாவது.

ஸ்பெயினில் பல சந்தைக் கடைகளில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. போனதும் பொதுவாக "கியென் எஸ் எல் உல்திமோ?" என்று கேளுங்கள், கடைசி ஆள் யார் என்று. ஒருவர் "யோ" என்பார், அவருக்கு அடுத்து நீங்கள். இது தெரியாமல் ஓரமாக நின்றுகொண்டு, எல்லோரும் முந்திக்கொண்டு போகிறார்கள் என்று வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் முறை வந்ததும் "போங்கமே மேதியோ கிலோ தே தோமாதேஸ்", அரை கிலோ தக்காளி போடுங்கள். மெக்சிகோவில் விலை கேட்க "ஆ கோமோ எஸ்தா எல் கிலோ?" என்பது வழக்கம், வாங்குவதற்கு "மே தா மேதியோ கிலோ?" பெயர் தெரியாத காயைச் சுட்டிக்காட்டி "கோமோ சே யாமா எஸ்தோ?" என்று கேளுங்கள், அப்புறம் "ஈ கோமோ சே கோசீனா?" இதை எப்படிச் சமைப்பது என்று. நேரம் இருக்கிற கடைக்காரர் செய்முறையையே விளக்கத் தொடங்கிவிடுவார், பாதி புரியாவிட்டாலும் கை அசைவில் மீதி புரியும். ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்காமல் மூன்று கடையில் பிரித்து வாங்கினால் அதே உரையாடல் மூன்று முறை கிடைக்கும்.

எண் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமா? பெரிய நோட்டை நீட்டித் தப்பிக்காதீர்கள். கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லுங்கள்: "செதெந்தா?" தவறென்றால் அவர் திருத்துவார். நோட்டை நீட்டும் பழக்கம் வந்துவிட்டால் காது எண்களைப் பழகவே பழகாது.

7. ஆங்கிலத்தில் பதில் வந்தால்

வரும். பார்சிலோனாவின் ராம்ப்லாவிலோ கான்கூனின் விடுதிப் பகுதியிலோ நிச்சயம் வரும். அவர்களுக்கு அவசரம், பின்னால் வரிசை நிற்கிறது, உங்கள் உச்சரிப்பைக் குறை சொல்லவில்லை. நீங்கள் ஆங்கிலத்துக்கு மாறாமல் ஸ்பானிஷிலேயே தொடர்ந்தால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். கூட்டம் இல்லாத இடமாக இருந்தால் கேட்டுவிடலாம்: "லே இம்போர்தா சி செகீமோஸ் என் எஸ்பான்யோல்?" ஸ்பானிஷிலேயே தொடரலாமா என்று. சுற்றுலாத் தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போனாலே நிலைமை மாறிவிடும்.

உடன் வருபவர் விஷயமும் இங்கேயே. இருவராகப் போனால் நன்றாகப் பேசத் தெரிந்தவர் இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார், மற்றவர் பயணம் முழுக்க மௌனம்தான். காலையில் ஒரு மணி நேரமாவது பிரிந்து போய் வாருங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை உள்ளே போகும் முன் வாசலில் பாருங்கள். கவுண்டரில் போனை நீட்டினால் பேச்சு போனுக்குப் போய்விடும், அப்புறம் உங்களுக்கு வராது.

8. சாப்பாட்டுக் கடை

ஸ்பெயினில் வேலை நாட்களில் மதியம் ஒரே விலையில் கிடைக்கும் அன்றைய முழுச் சாப்பாடான "மெனூ தெல் தியா"வைத் தேர்ந்தெடுங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும் என்பதால் பழக வசதி: "தே பிரிமேரோ?" முதல் உணவு, "தே செகுந்தோ?" இரண்டாவது, "பாரா பெபேர்?" குடிக்க, கடைசியில் "போஸ்த்ரே ஓ கஃபே?" இனிப்பா காப்பியா. மெக்சிகோவில் இதற்கு இணையானது "கோமீதா கோர்ரீதா".

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "சின் கார்னே", இறைச்சி இல்லாமல், என்று மட்டும் கேட்டால் சூரை மீன் போட்ட சாலட் வரலாம், பன்றித்தொடைத் துண்டுகள் தூவிய காய்கறியும் வரலாம். ஏனென்றால் "கார்னே" என்றதும் பலருக்கு மனதில் வருவது பெரிய இறைச்சித் துண்டுதான். முழுசாகச் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்." இறைச்சி, கோழி, மீன், பன்றித்தொடை எதுவும் சாப்பிட மாட்டேன் என்று. மெக்சிகோவில் இன்னும் ஒரு படி போக வேண்டும்: அரிசி கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம், பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கலாம். "யேவா கால்தோ தே போயோ?" "யேவா மந்தேகா?" என்று கேளுங்கள். "யேவா" என்ற சொல்லை இங்கே நன்றாகப் பழகிக்கொண்டால், ஒரு உணவில் எது சேர்ந்திருக்கிறது என்று எதையும் கேட்டுவிடலாம்.

9. பேருந்தும் வழியும்

வழி கேட்பதை எல்லோரும் முதல் நாளே முயல்கிறார்கள். நான் தள்ளிப்போடச் சொல்வேன், கேள்வி சின்னது, பதில் நீளமானது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: "ஆ லா தெரேச்சா" என்றால் வலது பக்கம், "தெரேச்சோ" என்றால் லத்தீன் அமெரிக்காவில் நேராக. கடைசி ஒரு ஒலியில் தெருவே மாறிவிடும். ஸ்பெயினில் நேராக என்பதற்கு "தோதோ ரெக்தோ" என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. இடது எங்கும் "இஸ்கியேர்தா".

நீண்ட பதிலை முழுசாகப் பிடிக்க நினைக்காதீர்கள். முதல் திருப்பத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, கையைக் காட்டித் திருப்பிச் சொல்லுங்கள், "தெரேச்சா, இ லுவேகோ?" வலது, அப்புறம்? அவர் அடுத்ததைச் சொல்வார். இரண்டு திருப்பம் தெரிந்தால் நடக்கத் தொடங்கிவிட்டு, அங்கே போய் இன்னொருவரிடம் கேளுங்கள். பேசுவதற்கு இன்னொரு ஆளும் கிடைத்தார்.

பேருந்தில் ஓட்டுநரிடம் "மே அவீசா குவாந்தோ யெகேமோஸ்?" என்று நிறுத்தப் பெயரோடு சொல்லிவைக்கலாம், வந்ததும் சொல்லுங்கள் என்று. புவேனோஸ் அயிரேஸில் பேசாமல் ஏறவே முடியாது. எங்கே இறங்குவீர்கள் என்று சொன்னால்தான் ஓட்டுநர் கட்டணத்தை வைப்பார், அதன் பிறகே கார்டைக் காட்ட வேண்டும். மெக்சிகோவின் சிறு பேருந்துகளில் இறங்க "பாஹான்!" என்று குரல் கொடுக்க வேண்டும். முணுமுணுத்தால் அடுத்த நிறுத்தம்தான்.

10. மருந்துக் கடை

சின்னத் தலைவலி, தொண்டை வலிக்கு மட்டும். "மே துவேலே லா கர்கந்தா", தொண்டை வலிக்கிறது. எதிர்க்கேள்விகள்: "தெஸ்தே குவாந்தோ?" எப்போதிலிருந்து, "தியேனே ஃபியேப்ரே?" காய்ச்சல் உண்டா, "எஸ் அலெர்ஹிகோ ஆ அல்கோ?" ஒவ்வாமை உண்டா. ஸ்பெயினில் "கோன்ஸ்திபாதோ" என்றால் சளி பிடித்திருக்கிறது என்று பொருள், மலச்சிக்கலுக்கு "எஸ்த்ரென்யீதோ". உண்மையிலேயே உடம்புக்கு முடியவில்லை என்றால் பழகுவதை ஒதுக்கி வைத்துவிட்டு, தெரிந்த மொழியில் உதவி கேளுங்கள். அவசர எண் ஸ்பெயினில் 112, மெக்சிகோவில் 911.

11. நீண்ட பேச்சுக்கு: முடிவெட்டும் கடை

கால் மணி நேரம் ஒருவர் உங்களோடு பேசியே ஆக வேண்டிய இடம் இது. "சோலோ லாஸ் புந்தாஸ்", நுனி மட்டும். "உன் போகோ மாஸ் கோர்தோ", இன்னும் கொஞ்சம் குட்டையாக. இவை போதும், மற்றதற்குக் கண்ணாடி இருக்கிறது. அங்கே வரும் கேள்விகளும் எங்கேயும் யாரும் கேட்பவைதான்: எந்த ஊர், எத்தனை நாளாக இங்கே, பிடித்திருக்கிறதா, என்ன வேலை. இந்த நான்குக்கும் ஒரு வரிப் பதிலோடு நிற்காமல் மூன்று வரிப் பதில் எழுதித் தயார் செய்துகொள்ளுங்கள். "குவாந்தோ தியெம்போ யேவாஸ் அகீ?" என்று கேட்டால் "யேவோ தோஸ் செமானாஸ்" என்பதோடு, எங்கெல்லாம் போனேன், அடுத்து எங்கே என்பதும் வரட்டும். பிறகு பந்தை அவர் பக்கம் தள்ளுங்கள்: "இ உஸ்தேத், எஸ் தே அகீ?" நீங்கள் இந்த ஊரா? அதற்கப்புறம் அவர் பேசுவார், நீங்கள் காதுகொடுப்பீர்கள், இந்தப் பயணத்தில் காதுக்குக் கிடைக்கும் நல்ல பயிற்சி அதுதான்.

12. இரவில் பத்து நிமிடம்

அன்றைக்குப் புரியாமல் போன கேள்விகளை மட்டும் எழுதுங்கள். புதுச் சொற்பட்டியல் வேண்டாம். காதில் விழுந்தபடியே தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. விடுதியில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டி என்னவென்று கேட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுதி, மறுநாள் அதே கடைக்குப் போங்கள். இதைச் செய்கிறவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. சோர்வாக இருக்கிற இரவில் பதிலை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டுமாவது குறித்துவையுங்கள், காலையில் மறந்துபோகும்.

13. கடைசியாக: தொலைபேசி

முகமும் கையும் தெரியாது, அதனால் இதுதான் கடினம். முதல் படியாக வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்புங்கள். வருகிற பதிலை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். அப்புறம் ஒரு உணவகத்தைக் கூப்பிட்டு மேசை பதிவு செய்யுங்கள். எடுத்ததும் ஸ்பெயினில் "தீகமே" அல்லது "சி?", மெக்சிகோவில் "புவேனோ", கொலம்பியாவில் "அலோ" என்பார்கள். அதைக் கேட்டதும் தயங்காமல் தொடங்குங்கள்: "கெரியா ரெசெர்வார் ஊனா மேசா பாரா தோஸ், பாரா எஸ்தா நோச்சே, ஆ லாஸ் நுவேவே." இன்று இரவு 9 மணிக்கு இரண்டு பேருக்கு. ஸ்பெயினில் 7 மணிக்குக் கேட்டால் பல இடங்களில் சமையலறையே திறந்திருக்காது.

வரப்போகும் கேள்விகளைத் தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணி, உள்ளேயா வெளியேயா, "ஆ நோம்ப்ரே தே கியென்?" யார் பெயரில், தொலைபேசி எண். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள், எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். வைப்பதற்கு முன் நேரத்தையும் ஆட்களையும் நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, அவர் "பெர்ஃபெக்தோ" என்றோ "வாலே" என்றோ சொன்ன பிறகு வையுங்கள்.